சிறிய ரிவால்வர்களின் பழைய தோல் உறைகள்: தேர்ந்தெடுப்பதும் காப்பதும்

விற்பனைக்கு வரும் பழைய தோல் உறைகளில் பல, தப்பான துப்பாக்கியின் பெயரோடு வருகின்றன. விற்பவர் தன்னிடம் இருந்த ரிவால்வரை நுழைத்துப் பார்த்திருப்பார். உள்ளே போய்விட்டால் ‘இதற்கானது’ என்று எழுதிவிடுவார். நுழைவது வேறு, பொருந்துவது வேறு. தயாரிப்பாளர் யார், எந்தக் காலம், என்ன விலை என்ற கேள்விகளுக்கெல்லாம் முன்பு, எந்தத் துப்பாக்கியை வைத்து இதை வார்த்தார்கள் என்பதைத் தோலிலிருந்தே கண்டுபிடிக்கப் பழக வேண்டும்.

எந்தத் துப்பாக்கிக்கு வார்த்தது

நல்ல ஹோல்ஸ்டர் ஈரத்தில் வார்க்கப்படுவது. தாவரச் சாறுகளில் பதனிட்ட தோலை நனைத்து, துப்பாக்கியையோ அதே அளவில் செய்த அச்சையோ உள்ளே வைத்து, வழுவழுப்பான கருவியால் அழுத்தித் தேய்த்துக் காயவிடுவார்கள். காய்ந்த பிறகு தோல் அந்த உருவத்தை விடாது. சிலிண்டரின் (தோட்டாக்கள் நிற்கும் சுழலும் உருளையின்) புடைப்பு, விசைக்காப்பின் (விசையைச் சுற்றிய வளையத்தின்) வளைவு, குழலுக்குக் கீழே எஜெக்டர் கம்பி (சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே தள்ளுவது) பதித்த கோடு எல்லாம் வெளிப்பக்கத்திலேயே தெரியும். குரோம் பதனிட்ட மெத்தென்ற தோல் இப்படி உருவத்தைப் பிடித்து நிற்காது. அதில் செய்த உறையிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பயனில்லை.

அமெரிக்கச் சிறு ரிவால்வர்களில் இரண்டு குடும்பங்களைப் பிரித்தறியத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1950-இல் கொண்டுவந்த சீஃப்ஸ் ஸ்பெஷலும் அதன் உறவினர்களும் ‘ஜே’ சட்டக (துப்பாக்கி உடலின்) அளவு. ஐந்து தோட்டா, சிலிண்டர் விட்டம் சுமார் 33 மில்லிமீட்டர், குட்டைக் குழல் 1⅞ அங்குலம். கோல்ட் 1927-இல் கொண்டுவந்த டிடெக்டிவ் ஸ்பெஷலும், 1950-இன் கோப்ராவும் ‘டி’ சட்டகம். ஆறு தோட்டா, சிலிண்டர் சுமார் 35.5 மில்லிமீட்டர், குழல் 2 அங்குலம். வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர்தான் என்பதால் கண்ணால் சொல்ல முடியாது, காலிபர் என்னும் அளவுக் கருவியால் சொல்லலாம். வாய் ஓரத்தில் தோலின் தடிமனை அளந்துகொள்ளுங்கள், வழக்கமாக 2.8 முதல் 3.6 மில்லிமீட்டர் இருக்கும். பிறகு புடைப்பின் குறுக்கே, உடலோடு ஒட்டும் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை அளந்து, தோல் தடிமனை இரு மடங்காகக் கழியுங்கள். உள்ளே துணியோ மெல்லிய தோலோ ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். 33-ஐ ஒட்டி வந்தால் ‘ஜே’, 35-க்கு மேல் வந்தால் ‘டி’. 37-ஐ நெருங்கினால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் நடுத்தர ‘கே’ சட்டகம். அது சிறிய ரிவால்வர் உறையே அல்ல.

அடுத்த சாட்சி சிலிண்டரைத் திறக்கும் தாழ். இரண்டு நிறுவனங்களிலும் அது துப்பாக்கியின் இடப்பக்கம் இருக்கிறது. ஆகவே வலக்கைக்காரர் இடுப்பின் வலப்புறம் அணியும் உறையில் அதன் தடம் உடலை ஒட்டும் தோல் பலகையில் விழும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் அது முன்னே தள்ளும் தட்டையான கட்டைவிரல் தாழ். கோல்ட்டில் பின்னே இழுக்கும் தாழ், வடிவமும் வேறு. உறையின் பின்புறத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். பெல்ட் மடிப்பு மறைத்திருந்தால் உள்ளே டார்ச் அடித்தால் மெருகேறிய திட்டு தெரியும். நீண்ட காலம் உள்ளே கிடந்த துப்பாக்கியின் தடமும் வார்த்த துப்பாக்கியின் தடமும் சில உறைகளில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருக்கும். தையலுக்கு அருகே கூர்மையாக இருப்பதுதான் பழையது.

டிடெக்டிவ் ஸ்பெஷலில் இன்னொரு சிக்கல் உண்டு. 1970-களின் தொடக்கம் வரை அதன் எஜெக்டர் கம்பி குழலுக்குக் கீழே திறந்தபடி நின்றது. அதன் பிறகு கம்பிக்கு உலோக மூடி வந்தது, முன்பகுதி தடித்தது. முந்தைய வடிவத்துக்கு இறுக்கமாக வார்த்த உறையில் பிந்தைய துப்பாக்கியைத் திணித்தால் உறையின் கீழ்நுனியான கால்முனையில் தையல் பிளக்கும். இதையே திருப்பி யோசித்தால் தேதி கிடைக்கிறது: மூடிபோட்ட குழலுக்கென்றே தெளிவாக வார்த்திருக்கும் உறை 1970-களுக்கு முந்தியதாக இருக்க முடியாது.

ஹேமர் (தோட்டாவை அடிக்கும் சுத்தி) மேல் வரும் பட்டையையும் பாருங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் சென்டெனியல் (1952) வெளியே ஹேமர் இல்லாதது. பாடிகார்டு (1955) ஹேமரைச் சுற்றிச் சதைப்பிடித்த முதுகு கொண்டது. சாதாரண சீஃப்ஸ் ஸ்பெஷலுக்கு வெட்டிய பட்டை இவற்றில் நீளம் பொருந்தாது. பட்டையின் மடிப்புக் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் உள்ளே இருந்தது எது என்று தெரிந்துவிடும்.

1880-களிலிருந்து வந்த மேல்புறம் மடங்கித் திறக்கும் .32, .38 ரிவால்வர்கள் தனி உலகம். ஐவர் ஜான்சன், ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்று பல பெயர்களில் ஒத்த அளவுத் துப்பாக்கிகள் வந்தன. அவற்றுக்கான மலிவு உறைகள் அளவு வாரியாக வெட்டப்பட்டவை. தயாரிப்பாளர் பெயர் பெரும்பாலும் இருக்காது. அப்படிப்பட்ட உறைக்கு யாராவது ஒரு பிரபலப் பெயரைச் சூட்டி விலை கேட்டால் முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் பெயருக்குப் பணம் தராதீர்கள்.

உண்மைத் துப்பாக்கி இல்லாமலே பொருத்தம் பார்க்க முடியும். பயிற்சிக்காகத் துப்பாக்கி அளவில் வார்த்து விற்கும் இயங்காத பிளாஸ்டிக் மாதிரிகள் போதும்; ஒரு ‘ஜே’, ஒரு ‘டி’ வைத்துக்கொண்டால் பல ஆண்டுகளுக்கு உதவும். உண்மையானதைத்தான் பயன்படுத்துவேன் என்றால் சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு அறையையும் விரலால் தொட்டுக் காலி என்று உறுதி செய்த பிறகே அருகில் கொண்டுவாருங்கள். மாதிரியோ உண்மையோ, பாதியில் இறுகினால் நிறுத்திவிடுங்கள். காய்ந்து சுருங்கிய தோல் வளையாது. வாய்ப்பக்கத்தின் கடைசி மூன்று நான்கு தையல்கள்தான் முதலில் போகும்.

முத்திரையிலிருந்து காலம்

முத்திரை பெல்ட் மடிப்பின் பின்புறமோ உடலோடு ஒட்டும் பலகையிலோ இருக்கும். அதில் பெயரைவிட முகவரி அதிகம் பேசும். அமெரிக்க அஞ்சல் துறை பெரிய நகரங்களுக்கு மண்டல எண்களை 1943-இல் தந்தது. ‘டென்வர் 2’ என்பதுபோல ஊர்ப் பெயரை அடுத்து ஓரிரு இலக்கம் இருந்தால் அந்தக் காலம். ஐந்து இலக்க ஜிப் குறியீடும் மாநிலத்துக்கு இரண்டெழுத்துச் சுருக்கமும் 1963-இல் வந்தன. இவை இரண்டும் ‘இதற்கு முன் அல்ல’ என்று மட்டுமே சொல்லும். பித்தளை அச்சு விலை உயர்ந்த பொருள். முகவரி மாறிய பிறகும் பழைய அச்சை வைத்துத் தட்டிக்கொண்டிருப்பது பட்டறைகளில் சகஜம்.

காப்புரிமை எண் இருந்தால் இன்னும் நல்லது. அமெரிக்கக் காப்புரிமை எண் 10 லட்சத்தை 1911-இலும், 20 லட்சத்தை 1935-இலும், 30 லட்சத்தை 1961-இலும், 40 லட்சத்தை 1976-இலும் தொட்டது. எண்ணை இந்த நான்கு கம்பங்களுக்கு நடுவே வைத்தாலே காலம் கிடைத்துவிடும். காப்புரிமை ஆவணங்கள் இணையத்தில் இலவசம். வரைபடத்தைக் கையில் உள்ள உறையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எந்தப் பாகம் தொலைந்திருக்கிறது என்பதும் தெரியும்.

தயாரிப்பாளர்களில் சில பெயர்களை மனப்பாடமாக வைத்துக்கொள்வது பயன் தரும். டென்வரின் ஹைசர், போர்ட்லண்டின் ஜார்ஜ் லாரன்ஸ் இருவரும் சேணப் பட்டறையிலிருந்து வந்தவர்கள். தோல் தேர்விலும் விளிம்பு மெருகிலும் அது தெரியும். எஸ். டி. மையர்ஸ் 1920-இல் டெக்சஸின் ஸ்வீட்வாட்டரிலிருந்து எல் பாசோவுக்கு இடம் மாறினார். ஸ்வீட்வாட்டர் என்று முத்திரை இருந்தால் அது முந்தைய காலத்துப் பொருள், கிடைப்பது அரிது. பெர்ன்ஸ்-மார்ட்டின் உறைகளில் கால்ஹவுன் சிட்டி, மிசிசிப்பி என்பது முந்தைய முகவரி. ஜார்ஜியாவின் எல்பர்டன் பிந்தையது. பியான்கியில் மொன்ரோவியா முந்தையது, டெமெகுலா பிந்தையது. சஃபாரிலேண்ட் 1964-இல் தொடங்கியது, நியூயார்க்கின் செவன்ட்ரீஸ் 1966-இல். அதற்கு முந்தைய உறை என்று இந்தப் பெயர்களோடு யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

பெயருக்குப் பக்கத்தில் எண்கள் இருக்கும். ஒன்று உறையின் வடிவத்தைச் சொல்லும் வடிவ எண், மற்றொன்று எந்தத் துப்பாக்கிக்கு என்று சொல்லும் துப்பாக்கி எண். இரண்டையும் குழப்பிக்கொள்வது புதியவர்களின் வழக்கமான தவறு. அந்தந்த நிறுவனத்தின் பழைய விலைப்பட்டியலின் மறுஅச்சோ நகலோ கிடைத்தால், ஒரு நல்ல உறைக்குத் தரும் பணத்தை அதற்குத் தாராளமாகத் தரலாம்.

எந்த வகையைச் சேர்ப்பது

எல்லாவற்றையும் வாங்கினால் பெட்டி நிறையும், சேகரிப்பு ஆகாது. ஒரு துப்பாக்கிக்கு எல்லாத் தயாரிப்பாளர்களும் செய்த உறைகள் என்று போகலாம். அல்லது ஒரே தயாரிப்பாளர், எல்லா வடிவங்கள். சிறிய ரிவால்வர்களுக்கு இரண்டாவதைவிட முதலாவது சுவையானது. ஒரே ஐந்து தோட்டாத் துப்பாக்கியை ஒளித்து வைக்க எத்தனை வழிகள் கண்டுபிடித்தார்கள் என்பது வரிசையாக வைத்தால்தான் விளங்கும்.

நியூயார்க்கின் ஆட்லி உறையில் விசைக்காப்பைப் பிடிக்கும் எஃகு வில் ஒன்று தோலுக்குள் இருக்கிறது. அதன் காப்புரிமை 1914-ஆம் ஆண்டினது. அந்த வில் துருப்பிடித்து உடைந்திருந்தால் வெளியே தெரியாது. விரலை உள்ளே விட்டு அழுத்திப் பார்க்க வேண்டும். நெகிழ்ந்து திரும்பினால் சரி. பெர்ன்ஸ்-மார்ட்டினின் குட்டைக்குழல் தோள் உறை துப்பாக்கியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, முன்பக்கப் பிளவின் வழியே பிடுங்க வைப்பது. அதிலும் உயிர் வில்லில்தான் இருக்கிறது. வில் தளர்ந்துபோனது காட்சிக்கு மட்டுமே, விலையும் அப்படித்தான் இருக்க வேண்டும். ராய் பேக்கரின் ‘பேன்கேக்’ வகை இரண்டு தட்டைத் துண்டுகளை இருபுறமும் தைத்தது. மூன்று பெல்ட் துளைகள் இருந்தால் நேராகவும் குறுக்காகவும் மாட்டலாம். இடுப்புப் பட்டைக்கு உள்ளே செருகும் கிளிப் வகை மலிவாகக் கிடைக்கும். வியர்வை நேரே படும் உறை என்பதால் நல்ல நிலையில் இருப்பது குறைவு. யாரும் மதிக்காத அந்த வகையில் இன்றும் நல்ல வேட்டை இருக்கிறது.

பெல்ட் துளையின் அகலமும் ஒரு குறிப்பு. சீருடைப் பணி பெல்ட் 2¼ அங்குலம். அந்த அகலத்தில் மடிப்பு உள்ள குட்டை ரிவால்வர் உறை சீருடையோடு அணிந்தது. 1½ அங்குலத்தை ஒட்டி இருந்தால் சாதாரண உடையோடு.

கேட்க வேண்டிய படங்கள், பார்க்க வேண்டிய பழுதுகள்

தூரத்திலிருந்து வாங்கும்போது ஏழு படங்கள் கேளுங்கள்: முன், பின், வாய்க்குள் நேராக, கால்முனை, தையல் வரிசை அருகில், பிரஸ் பட்டனின் இரு முகங்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில் முத்திரை. எல்லாவற்றிலும் அளவுகோல் ஒன்று கிடக்கட்டும். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் விரிசல் மறைந்துவிடும்.

தையலில் நூல் அறுந்திருப்பது சிறு குறை. துளைக்கும் துளைக்கும் நடுவே தோலே கிழிந்து கோடாகச் சேர்ந்திருந்தால் அது தீராத குறை. பெல்ட் மடிப்பின் உச்சியை இலேசாக வளைத்துப் பாருங்கள். மேல்தோல் மட்டும் வெடித்திருந்தால் பொறுக்கலாம், நாருக்குள் இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

செம்பழுப்புத் தூள் விரலில் ஒட்டுகிறதா என்று பார்ப்பது முக்கியம். தாவரப் பதனிட்ட தோல் பல பத்தாண்டுகளாகக் காற்றிலுள்ள கந்தக டைஆக்சைடை உறிஞ்சி, உள்ளேயே அமிலம் உண்டாகி, நார் மாவாகிவிடும் நோய் இது. செந்தூள் நோய் என்று வைத்துக்கொள்வோம். இதைக் குணமாக்க வழியில்லை, நிறுத்திவைக்கலாம், அவ்வளவுதான். எண்ணெய் தடவினால் தூள் சேறாகிக் கருத்துவிடும். அரிய உறையாக இருந்தால் மட்டும், ஆல்கஹாலில் 1 முதல் 2 விழுக்காடு ஹைட்ராக்சிபுரோபைல் செல்லுலோஸ் என்ற பசைப்பொருளைக் கரைத்து மெல்லிய தூரிகையால் ஒருமுறை பூசுவார்கள். தூள் கட்டுப்படும், நிறம் சற்று இருளும்.

போலிகளைப் பொறுத்தவரை, உறை முழுவதையும் போலியாகச் செய்வது சிரமம், முத்திரை தட்டுவது எளிது. ஆகவே ஐயம் முத்திரையிலிருந்து தொடங்கட்டும். பட்டறையில் ஈரத்தோலில் தட்டிய எழுத்தின் விளிம்பு வழுவழுப்பாகவும் அடிப்பகுதி கருத்தும் இருக்கும். காய்ந்த பழைய தோலில் பிறகு தட்டியது என்றால் எழுத்தோரம் பொடிப்பொடியாக வெடித்திருக்கும், அடிப்பகுதியில் சுற்றியிருக்கும் அழுக்கு இருக்காது. 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை இருட்டில் தையல் மேல் அடியுங்கள். வெண்ணீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அது இக்கால வெண்மையூட்டி கலந்த நூல். பழைய லினன் நூல் மங்கலாகவே கிடக்கும். ஒளிர்ந்தால் உடனே போலி என்று முடிவுகட்டவும் வேண்டாம். யாரோ பின்னாளில் மறுதையல் போட்டிருக்கலாம். எப்படியும் விலை குறையும்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வேலை ஒதுக்கி வைப்பது. இரண்டு வாரம் தனிப் பெட்டியில் வெள்ளைக் காகிதத்தின் மேல் வையுங்கள். புதுத் தூளோ புழுவின் எச்சமோ விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. பாலித்தீன் பையில் காற்றை நீக்கி மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் உறைய வையுங்கள். வெளியே எடுத்து ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும். உடனே திறந்தால் குளிர்ந்த தோலின் மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

பிறகு மென்மையான தூரிகை, கீழே குறைந்த உறிஞ்சலில் வேக்யூம். சுத்தம் என்பது அநேகமாக இங்கேயே முடிந்துவிட வேண்டும். சேண சோப்பு காரத்தன்மை உள்ளது. அமிலத் தோலோடு அதற்கு ஒத்துப்போகாது, அலசித் தீர்க்கவும் முடியாது.

வெள்ளைப் படலம் தெரிந்தால் அவசரப்படாதீர்கள். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். உருகி மறைந்தால் அது தோலுக்குள்ளிருந்து வெளியேறிய கொழுப்பு, துணியால் ஒற்றி எடுத்தால் போதும். உருகாமல் பஞ்சுபோல நிற்கிறது, மக்கல் வாடையும் வருகிறது என்றால் பூஞ்சை. முகக்கவசம் போட்டு வெளியில் வைத்துத் தூரிகையால் தட்டுங்கள், பிறகு ஈரப்பதத்தைச் சரிசெய்யுங்கள். ஈரம் குறையாத வரை பூஞ்சை திரும்பி வந்துகொண்டேதான் இருக்கும்.

பித்தளைப் பட்டன், ரிவெட் சுற்றிப் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். தோலில் முன்பு தடவிய எண்ணெயின் கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்து உண்டாவது அது. மூங்கில் பல்குச்சியால் சுரண்டி, உலர்ந்த பஞ்சால் துடையுங்கள். உலோகப் பாலிஷ் வேண்டாம். அதிலுள்ள அம்மோனியா தோலைக் கறுக்க வைக்கும். துடைத்த உலோகத்தில் மட்டும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மிக மெல்லியதாகத் தேய்த்தால் களிம்பு திரும்ப நாளாகும். இறுகிய பட்டனை நேரே இழுத்தால் தோல் கிழியும். நடுவே பிளாஸ்டிக் ஸ்பேட்டுலாவை நுழைத்து மெல்லத் திருப்புங்கள்.

எண்ணெய் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபூட் எண்ணெய் அன்றைய வேலைக்காரத் தோலுக்கானது. தினமும் மழையிலும் வெயிலிலும் கிடந்து, சில ஆண்டுகளில் மாற்றப்படும் பொருளுக்குச் சரி. சேகரிப்பு உறையில் அது வார்ப்பைத் தளர்த்தும், நிறத்தைக் கருக்கும், லினன் நூலை மக்கச் செய்யும். பிறகு படலமாகவும் களிம்பாகவும் திரும்பி வரும். மேலே சொன்ன பழுதுகளில் பாதிக்கு மூலம் அன்போடு தடவிய எண்ணெய்தான். வளைக்கவே போகாத தோலை மென்மையாக்கி என்ன பயன்? சுருங்கியதை நனைத்து மறுபடி வார்க்கும் யோசனையும் அப்படியே. சிதைந்த தோல் வெந்நீரிலோ, சில வேளை வெதுவெதுப்பான நீரிலோகூடச் சுருண்டு விறைத்துவிடும்.

அறுந்த தையலுக்குத் தோலை எதுவும் இழுத்துப் பிரிக்காத வரை கை வைக்காதீர்கள். கட்டாயம் என்றால் மெழுகிட்ட லினன் நூலை முனை மழுங்கிய இரண்டு ஊசிகளில் கோத்துப் பழைய துளைகளின் வழியாக மட்டும் செலுத்துங்கள். புதுத் துளை ஒன்றுகூட வேண்டாம். எடுத்த பழைய நூலைக் காகித உறையில் போட்டுப் பொருளோடே வையுங்கள்.

வைப்பு

ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு, ஏற்ற இறக்கம் இல்லாமல். வெயிலும் மின்விளக்குச் சூடும் படாத இடம். உள்ளே அமிலமற்ற டிஷ்யூ காகிதத்தைத் துப்பாக்கியின் பருமனுக்குச் சுருட்டி வைத்தால் வாய் சரியாது. திணித்தால் தையலைத் தள்ளும், எனவே தளர்வாக. பிவிசி பை தோலோடு ஒட்டிக்கொள்ளும், பருத்தித் துணி ஒட்டாது. தோள் பட்டைகளை மடிக்காமல் வட்டமாகச் சுற்றுங்கள்.

ரிவால்வரை உறைக்குள் வைத்துக் காட்சிக்கு வைப்பது அழகாகத்தான் இருக்கும். ஆனால் தோலின் அமிலமும் ஈரமும் சில மாதங்களில் உலோகத்தின் நீலப்பூச்சை அரித்துத் திட்டுத்திட்டாகத் துரு கொண்டுவரும், அந்தத் துரு தோலிலும் கறையாக இறங்கும். காட்சிக்குப் பிளாஸ்டிக் மாதிரியை வையுங்கள். பழைய உறையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அணிவது அதைவிட மோசம். மென்மையாகிப்போன வாய் உள்ளே மடிந்து, துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது விசையை அழுத்திவிடும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை: முத்திரை எழுத்துக்கு எழுத்து, வடிவ எண், துப்பாக்கி எண், அளந்த விட்டம், தோல் தடிமன், ஓர் அங்குலத்தில் எத்தனை தையல், பட்டனின் பின்முகத்தில் உள்ள பெயர், எங்கே எப்போது வாங்கியது, நீங்கள் அதற்குச் செய்தது என்ன. பென்சிலால் எழுதி, பருத்தி நூலில் பெல்ட் துளை வழியே கட்டுங்கள். ஒட்டும் லேபிளைப் பிரிக்கும்போது மேல்தோலும் கூடவே வந்துவிடும்.